பெயிண்ட் டப்பாவ திறக்குறதுக்கு முன்னாடி தண்ணிய கண்டுபிடிங்க: நம்ம வீட்டு வேலைய நாமளே பண்றது எப்படி

எங்க வீடு திருவானைக்காவல்ல இருக்கு. அப்பா 1993ல கட்டினது, இப்ப நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கோம். ஹால்ல தெக்கு பக்க செவுரு கீழ ரெண்டு ரெண்டரை அடிக்கு எப்பவும் பெயிண்ட் பொக்குளம் பொக்குளமா வந்து உப்பு பூத்து கொட்டும். மூணு வருஷத்துல ரெண்டு தடவ ஆள் வச்சு அடிச்சோம், ரெண்டு தடவையும் அடுத்த கார்த்திகைக்குள்ள பழையபடி ஆயிடுச்சு. ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டா யாரும் எனக்கு பதில் சொல்லல, "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா பேச சொல்லுங்கம்மா"ன்னாங்க. வீடு எங்க ரெண்டு பேர் பேர்ல இருக்கு, காசு நான் குடுக்குறேன், ஆனா செவுத்த பத்தி எங்கிட்ட பேச மாட்டாங்களாம். அன்னிக்குத்தான் நானே கத்துக்கணும்னு உக்காந்தேன். இன்னிக்கு வரைக்கும் குழாய் ரிப்பேர், பாத்ரூம் டைல்ஸ் ஜாயிண்ட், மொட்டை மாடி கோட்டிங், ஹால் செவுரு பூச்சு, ரெண்டு ரூம் பெயிண்டிங் எல்லாம் பண்ணியாச்சு. ஆபீஸ் போயிட்டு ஞாயித்துக்கிழமைல பண்ற வேலைதான் எல்லாமே. உங்க வீட்ல நீங்களே ஆரம்பிக்கணும்னு நினைச்சீங்கன்னா எனக்கு தெரிஞ்சத அப்படியே சொல்றேன்.

முதல்ல வேலையோட வரிசை. வீட்டு வேலைல முக்காவாசி பிரச்சனை தண்ணியாலதான் வருது. அதனால முதல்ல தண்ணி ஒழுகுறத நிறுத்தணும், அப்புறம் செவுரு காயணும், அப்புறம் வெடிப்பு, அப்புறம் பட்டி (செவுத்த வழவழப்பா சமமாக்க பூசுற மாவு), கடைசியாத்தான் பெயிண்ட். நம்ம ஊர்ல இது தலைகீழா நடக்குது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற பழக்கம் இருக்கு இல்லையா, அது சுண்ணாம்பு காலத்து பழக்கம், சுண்ணாம்பு பூச்சு மூச்சு விடும், உள்ள இருக்குற ஈரம் அது வழியா மெதுவா வெளிய போயிடும். இப்ப நாம அதே மார்கழில, ஐப்பசி கார்த்திகை மழைல முழுசா நனைஞ்சு ஊறி இருக்குற செவுத்து மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு எமல்ஷன பூசி மூடிடுறோம், ஈரம் வெளிய போக வழியில்லாம பெயிண்ட தள்ளிட்டு வருது. சென்டிமென்ட் எனக்கும் இருக்கு, ஆனா வாசல் நிலை, கேட்டு மட்டும் பொங்கலுக்கு அடிங்க, உள் செவுரு வேலைய பங்குனி சித்திரைக்கு வச்சுக்கோங்க.

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. நல்லா ஒரு மழை பெஞ்ச மறுநாள் காலைல மொட்டை மாடிலேருந்து செப்டிக் டேங்க் மூடி வரைக்கும் மெதுவா ஒரு ரவுண்டு நடங்க. எங்கெங்க ஈரம், எங்க பாசி, எங்க வெடிப்பு, எல்லாத்தையும் எழுதி போட்டோ எடுத்து தேதி போட்டு வைங்க. ஈரம் எந்த உயரத்துல இருக்குங்கறதுதான் பாதி விஷயத்த சொல்லிடும். தரைலேருந்து கிளம்பி ரெண்டு மூணு அடில ஒரு கோடு மாதிரி நிக்குதுன்னா அது மண்ணுலேருந்து ஏறுற ஈரம். சீலிங் ஓரத்துல வட்ட வட்டமா பழுப்பு கறைன்னா மாடிலேருந்து எறங்குது. நடு செவுத்துல, அதுவும் பாத்ரூம் இல்ல கிச்சன் சிங்க்குக்கு பின்பக்கம்னா பைப்பு இல்ல டைல்ஸ் ஜாயிண்ட். ஜன்னலுக்கு கீழ மட்டும்னா சன்ஷேடுலயோ ஜன்னல் சட்டத்து ஓரத்துலயோ மழைத்தண்ணி பூந்து வருது.

சந்தேகமா இருந்தா ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பிளாஸ்டிக் கவர வெட்டி, ஈரம் இருக்குற எடத்துல நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு பாருங்க. கவருக்கு வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தா அது ரூம் காத்துல இருக்குற ஈரம், ஜன்னல திறந்து வச்சாலே சரியாயிடும். உள்பக்கம், செவுத்த பாத்த பக்கம் முத்து முத்தா இருந்தா செவுத்துக்குள்ளேருந்து வருது.

எங்க ஊரு காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற தீவு. ஜம்புகேஸ்வரர் கோயில் கருவறைலயே தண்ணி ஊறும், பஞ்சபூத ஸ்தலத்துல நீர் ஸ்தலம்னு அதத்தான் சொல்றாங்க. அதனால மண்ணு ஈரம்தான் காரணம், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் வெளிப்பக்கம் போயி பாத்தேன். ஹால் செவுத்த ஒட்டி அம்மா இருவது வருஷமா வளர்த்த செம்பருத்தி பாத்தி, வருஷா வருஷம் மண்ணு எரு போட்டு போட்டு பேஸ்மட்டத்துக்கு (அஸ்திவாரம் முடிஞ்சு செவுரு ஆரம்பிக்கிற மட்டம்) மேல முக்கால் அடி ஒசந்திருந்துச்சு. வீடு கட்டும்போது பேஸ்மட்டத்துல ஈரம் மேல ஏறக்கூடாதுன்னு ஒரு காங்கிரீட் அடுக்கு போடுவாங்க, மண்ணு அதுக்கும் மேல ஏறி செங்கல்ல நேரா ஒட்டி நிக்குது, தினமும் அதுக்கு தண்ணி வேற ஊத்துறோம். ரெண்டு பெயிண்டிங் செலவும் வீணாப்போனதுக்கு காரணம் அந்த பாத்திதான். ஒரு மம்பட்டிய வச்சு ரெண்டு ஞாயிறு மண்ண வெட்டி எடுத்தோம், பேஸ்மட்டத்துக்கு கீழ அர அடி தெரியுற வரைக்கும். செம்பருத்திய தள்ளி வச்சோம், ஒண்ணு பட்டுப்போச்சு, மத்தது எல்லாம் தளிர்த்துடுச்சு. வெட்டின எடத்துல தண்ணி வெளிய ஓடுற மாதிரி சரிவா மண்ண அமுக்கி விட்டேன். இதுக்கு செலவு ஒண்ணுமே கிடையாது, ஆனா இத பண்ணாம வேற எத பண்ணியிருந்தாலும் நின்னிருக்காது.

அடுத்து குழாய், ஏன்னா இது சுலபம், முதல் நாளே பண்ணி கைக்கு தைரியம் வரும். ராத்திரி படுக்கும்போது டேங்க்ல தண்ணி மட்டத்த சாக்பீஸால கோடு போட்டு வைங்க, காலைல யாரும் தண்ணி தொறக்குறதுக்கு முன்னாடி பாருங்க, எறங்கியிருந்தா எங்கயோ ஒழுகுது. டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கேசரி பவுடர கரைச்சு ஊத்திட்டு அரை மணி நேரம் யாரும் போகாதீங்க, ஃப்ளஷ் பண்ணாமலே கீழ கலர் வந்துச்சுன்னா உள்ள இருக்குற ரப்பர் போயிடுச்சுன்னு அர்த்தம். அந்த ரப்பர் ஹார்டுவேர் கடைல கிடைக்கும், பழச கழட்டி கையோட எடுத்துட்டு போங்க, அளவு வாயால சொல்லி வாங்குனா ரெண்டு தடவ நடக்கணும்.

சொட்டுற குழாய்க்கு மாடில கேட்வால்வ மூடிட்டு குழாய தொறந்து பைப்புல இருக்குற தண்ணிய வடிய விடுங்க. பல சுத்து சுத்தி மூடுற பழைய குழாய்னா உள்ள ஸ்பிண்டில கழட்டுனா அடில ஒரு ரப்பர் வாசர் இருக்கும், அதுதான் தேஞ்சிருக்கும், மாத்திட்டா முடிஞ்சுது. கால் சுத்து அரை சுத்துல திறக்குற புது மாடல்னா உள்ள செராமிக் தட்டு, வாசர் கிடையாது, உள் ஃபிட்டிங்க முழுசா மாத்தணும். குழாயையே மாத்துறீங்கன்னா மரையோட முனை உங்கள பாத்து இருக்குற மாதிரி புடிச்சுக்கிட்டு கடிகார முள் சுத்துற பக்கமா டெஃப்லான் டேப்ப இழுத்து இழுத்து எட்டு பத்து சுத்து சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்துனா குழாய முடுக்கும்போது டேப்பு பிரிஞ்சு வந்துடும். பிளாஸ்டிக் பைப்புல ரெஞ்ச் போட்டு பலமா முடுக்காதீங்க, நான் ஒரு தடவ முடுக்கி செவுத்துக்குள்ள இருந்த எல்போ (பைப்பு வளையுற எடத்து ஜாயிண்ட்) வெடிச்சு, அத எடுக்க டைல்ஸ உடைக்க வேண்டியதா போச்சு. கையால முழுசா முடுக்கிட்டு ரெஞ்ச்ல அரை சுத்து, அவ்வளவுதான்.

பாத்ரூம்ல ஒரு விஷயம். நம்ம வீடுகள்ல டைல்ஸ் கறை போக ஆசிட் ஊத்தி தேய்க்கிறோம் இல்லையா, அது டைல்ஸுக்கு நடுவுல இருக்குற சிமெண்ட் ஜாயிண்ட அரிச்சுடும். கண்ணுக்கு தெரியாது, ஆனா அது வழியா தினமும் குளிக்கிற தண்ணி எறங்கி அடுத்த ரூம் செவுத்துல வரும். எங்க பெட்ரூம் செவுத்துல வந்தது அப்படித்தான், ஒரு வாரம் அந்த பாத்ரூம பூட்டி வச்சு பாத்தேன், செவுரு காய ஆரம்பிச்சுது, அப்ப தெரிஞ்சுது. சரி பண்றதுக்கு பழைய ஜாயிண்ட மூணு மில்லிமீட்டர் ஆழத்துக்காவது சுரண்டி எடுக்கணும், உடைஞ்ச ஆக்ஸா பிளேடே போதும், ஒரு முனைல துணி சுத்திக்கோங்க. தூசிய பிரஷால தட்டி, நல்லா காய விட்டு, எபாக்ஸி கிரவுட் (டைல்ஸ் ஜாயிண்ட அடைக்கிற பேஸ்ட்) போடுங்க. வெள்ளை சிமெண்ட் மலிவு, ஆனா சீக்கிரம் வெடிச்சுடும். எபாக்ஸி சீக்கிரம் இறுகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலங்க, ஈர ஸ்பாஞ்ச் பக்கத்துலயே இருக்கட்டும், டைல்ஸ் மேல காஞ்சுட்டா எடுக்குறது ரொம்ப கஷ்டம். தரையும் செவுரும் சேர்ற மூலைக்கு மட்டும் கிரவுட் வேண்டாம், அந்த எடம் லேசா அசையும், சிலிகான் சீலன்ட் போடுங்க, 24 மணி நேரம் தண்ணி படாம விடுங்க.

மொட்டை மாடி வேலைக்கு சித்திரை வைகாசிதான் நேரம், ஆனா வெயிலுக்கு முன்னாடி, காலைல ஆறுலேருந்து ஒம்பது வரைக்கும். பழைய வீடுகள்ல மாடில செங்கல் ஜல்லி சுண்ணாம்பு தளம் போட்டு மேல தட்டோடு பதிச்சிருப்பாங்க. தட்டோடு சீக்கிரம் போகாது, அதுக்கு நடுவுல இருக்குற ஜாயிண்டும் கைப்பிடிச்செவுரு தளத்தோட சேர்ற ஓரமும்தான் போகும். முதல் வேலை, தண்ணி வெளிய போற ஓட்டைய பாருங்க, எங்க வீட்ல அதுல வேப்பிலை சருகு அடைச்சு பாதிதான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் கம்பி பிரஷால பாசி எல்லாம் தேய்ச்சு எடுத்து கழுவி காய விடுங்க. செவுத்துல அரச மரக்கன்னு மொளைச்சிருந்தா மேல மட்டும் கிள்ளாதீங்க, வேரோட எடுக்கணும், இல்லன்னா அதே எடத்துல இன்னும் தடியா வரும். ஜாயிண்ட்ட சுரண்டிட்டு, வாட்டர்ப்ரூஃப் லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் சாந்து வச்சு அடைச்சு, ஓரத்து மூலைல சாந்தால ஒரு சரிவு குடுத்து மழுக்குங்க, நேர் மூலையா விட்டா அங்கதான் கோட்டிங் கிழியும். அந்த ஓரத்துல ஃபைபர் வலைத்துணிய வச்சு அதுக்கு மேல கோட்டிங் அடிக்கணும். கோட்டிங் ரெண்டு தடவ, முதல் தடவ கிழக்கு மேக்கா அடிச்சா ரெண்டாவது தடவ தெக்கு வடக்கா, அப்பத்தான் விட்டுப்போன ஊசித்துளை மூடும். நடுவுல எவ்வளவு நேரம் விடணும்னு டப்பால போட்டிருக்கும், அத மதிங்க, காஞ்ச மாதிரி இருக்குன்னு அவசரப்படாதீங்க.

எல்லாம் காஞ்சப்புறம் தண்ணி கட்டி பாக்கணும். ஓட்டைய துணி வச்சு அடைச்சு ஒரு இஞ்சுக்கு தண்ணி விட்டு 24 மணி நேரம் வைங்க, கீழ சீலிங்க பாருங்க. ஒரு இஞ்சுன்னா லேசா தெரியும், ஆனா 500 சதுர அடி மாடில ஒரு இஞ்சு தண்ணி கிட்டத்தட்ட 1,200 கிலோ எடை. அதனால அதுக்கு மேல கட்டாதீங்க. சீலிங்ல காங்கிரீட் உதிர்ந்து துருப்பிடிச்ச கம்பி வெளிய தெரியுதுன்னா இந்த சோதனையே வேண்டாம், அது இன்ஜினியர கூப்பிட வேண்டிய வேலை.

இப்ப ஹால் செவுரு. இதத்தான் நான் மனசு வச்சு பண்ணேன், இதுல எனக்கு ஒரு குரு இருக்காங்க. எங்க தெருவுல ஒரு அக்கா முப்பது வருஷமா சித்தாளு வேலை பாக்குறாங்க. சிமெண்ட் கலவை எந்த பதத்துல இருக்கணும், எந்த மணல் எதுக்கு, செவுரு எத்தன நாள் நனையணும்னு எல்லாமே தெரியும், ஆனா இந்த முப்பது வருஷத்துல ஒரு நாள் கூட அவங்க கைல யாரும் கொத்தனார் கரண்டிய குடுக்கல, பொம்பளைங்கன்னா சட்டி தூக்கத்தான். தமிழ்நாட்டுல கட்டட வேலைக்கு வர்ற பொம்பளைங்கள்ல பெரும்பாலானவங்க நெலம இதுதான், கொத்தனார் ஆகுறது ரொம்ப அபூர்வம். நான் போயி "அக்கா, எனக்கு பூச்சு வேலை கத்துக்குடுங்க"ன்னு கேட்டேன். "எனக்கே யாரும் பூச விட்டதில்லையே பாப்பா, பாத்த பழக்கம்தான்"னாங்க. ரெண்டு பேரும் சேந்து பண்ணலாம்னு சொல்லி, கொத்தனாருக்கு என்ன சம்பளமோ அதயே பேசி கூட்டிட்டு வந்தேன்.

பங்குனில ஈரக்கோட்டுக்கு மேல ஒரு அடி சேத்து பழைய பூச்ச உளியும் சுத்தியலும் வச்சு கொத்தி எடுத்தோம், கண்ணாடி, மாஸ்க், கையுறை கட்டாயம். செங்கல் தெரிஞ்சதும் பூத்து நிக்குற உப்ப காஞ்ச பிரஷால தட்டி கூட்டி வெளிய கொண்டு போயி கொட்டணும். தண்ணி ஊத்தி கழுவாதீங்க, கழுவுனா உப்பு கரைஞ்சு மறுபடி செங்கலுக்குள்ள போயிடும். வாரம் ஒருக்கா தட்டுனோம், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுது. 9 இஞ்சு செவுரு உள்ள வரைக்கும் காய மாசக்கணக்குல ஆகும், ரெண்டு மாசம் ஃபேன் போட்டு வெறும் செங்கலோட ஹால்ல உக்காந்திருந்தோம், வந்த சொந்தக்காரங்க எல்லாம் என்ன இது கோலம்னு கேட்டாங்க. கேக்கட்டும். இந்த காத்திருப்ப மட்டும் குறைக்காதீங்க.

வைகாசில பூசினோம். பூச்சுக்கு பி-சாண்ட்தான் வாங்கணும், எம்-சாண்ட் கட்டுறதுக்கு, அது பரபரன்னு இருக்கும். சிமெண்ட் ஒரு பங்கு, பி-சாண்ட் நாலு பங்கு, அதோட வாட்டர்ப்ரூஃப் லிக்விட், நான் வாங்கினதுல 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லின்னு போட்டிருந்துச்சு, அந்த கணக்குல கலந்துக்கிட்டோம். ஒரு சட்டி ஒரு சட்டியா கலங்க, தண்ணி ஊத்துன கலவைய அரை முக்கால் மணி நேரத்துக்குள்ள தீத்துடணும், இறுகுனதுக்கு மறுபடி தண்ணி ஊத்தி இளக்குனா அது பலம் போன சாந்து. பதம் எப்படின்னா, அக்கா சொன்னது, "கைல புடிச்சா கொழுக்கட்ட மாதிரி நிக்கணும், வெரல் சந்துல ஒழுகக்கூடாது". ஆனா வெறுங்கைல புடிக்காதீங்க, சிமெண்ட் தோல அரிச்சுடும், அவங்க கை விரல் நுனியெல்லாம் அப்படித்தான் இருக்கு, நான் அவங்களுக்கும் சேத்து ரப்பர் கையுறை வாங்குனேன். செங்கல்ல தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, கலவைய தடவக்கூடாது, கரண்டிலேருந்து விசிறி அடிக்கணும், அப்பத்தான் ஒட்டும். முதல் பத்து நிமிஷம் எனக்கு பாதி தரைல விழுந்துச்சு, அப்புறம் மணிக்கட்டுலேருந்து அடிக்கணும்னு புரிஞ்சுது. 12 மில்லிமீட்டர் கனம், பழைய பூச்சோட சமமா வர்ற மாதிரி மட்டக்கோல கீழேருந்து மேல இழுத்து, மணியாசு கட்டைல (பூச்ச தேய்ச்சு சமமாக்குற பலகை) தேய்ச்சு விட்டோம். 12 அடி நீளத்துக்கு மூணரை அடி உயரம், காலைல ஏழுக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் நாலுக்கு முடிஞ்சுது. கடைசி ரெண்டு அடி அக்காவே தனியா பூசி முடிச்சாங்க, முடிச்சுட்டு கொஞ்ச நேரம் தள்ளி நின்னு அந்த செவுத்தையே பாத்துட்டு இருந்தாங்க. நானும் ஒண்ணும் பேசல.

மறுநாளேருந்து ஏழு நாள் காலைலயும் சாயங்காலமும் தண்ணி அடிக்கணும். அப்புறம் தண்ணி நிறுத்தி காய விடணும், பூசுன நாள்லேருந்து 28 நாள் கழிச்சுத்தான் பட்டி பெயிண்ட் எல்லாம். புது சிமெண்ட்ல காரம் இருக்கும், அதுக்கு முன்னாடி அடிச்சா கலர் வெளுத்து திட்டு திட்டா போகும்.

வெடிப்பு பத்தி சுருக்கமா. முடி மாதிரி மெல்லிசா இருக்குறது பட்டிலயே மூடிடும். அதுக்கு மேல பெருசுன்னா பிளேடால ஆங்கில வி மாதிரி அகலப்படுத்தி, தூசி தட்டி, கிராக் ஃபில்லர் பேஸ்ட்ட அமுக்கி அடைச்சு, காஞ்சப்புறம் உப்புத்தாள் போடுங்க, அகலப்படுத்தாம மேல பூசுனா உள்ள எறங்காது. செங்கல் வரிசைய படிக்கட்டு மாதிரி தாண்டி சாய்வா போற வெடிப்பு, கதவு ஜன்னல் மூலைலேருந்து கிளம்பி வளர்ந்துக்கிட்டே போற வெடிப்பு, இதெல்லாம் அஸ்திவாரம் எறங்குறதால இருக்கலாம். வெடிப்போட ரெண்டு முனைலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதுங்க, மூணு மாசம் கழிச்சு தாண்டி போயிருந்தா இன்ஜினியர கூப்பிடுங்க, பட்டி வச்சு மறைக்காதீங்க.

இனி பட்டி பாக்குறது. வெள்ளை சிமெண்ட் பட்டின்னா அடிக்கிறதுக்கு முன்னாடி செவுத்த லேசா நனைக்கணும், காஞ்ச செவுத்துல வச்சா செவுரு தண்ணிய உறிஞ்சி பட்டி பவுடரா உதிரும், என் முதல் ரூம்ல ஒரு பக்கம் முழுசா சுரண்டி எடுத்து மறுபடி பண்ணேன். ஒரு கிலோ பவுடருக்கு 400 மில்லிக்குள்ளதான் தண்ணி, தோசை மாவ விட கெட்டியா, கட்டியில்லாம கலக்கி பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்குங்க. முதல் கோட் கீழேருந்து மேல, மறுநாள் ரெண்டாவது கோட், ரெண்டும் சேந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. காஞ்சப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320. சாயங்காலம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச செவுத்தோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சு பாருங்க, மேடு பள்ளம் எல்லாம் நிழலா தெரியும், பகல்ல தெரியவே தெரியாது. தூசி ரொம்ப நைசு, என்95 மாஸ்க் இல்லாம தேய்க்காதீங்க, சின்ன புள்ளைங்கள அந்த ரூம் பக்கமே விடாதீங்க.

பழைய வீட்டுக்காரங்களுக்கு முக்கியமா ஒண்ணு சொல்லணும். ஜன்னல் கம்பி, கதவு, கேட்டுல இருக்குற பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டதே 2016ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்சத காஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பறக்க விடாதீங்க, ஈயத்தூசி குழந்தைங்க மூளைய பாதிக்கும். வாட்டர் பேப்பர் வாங்கி தண்ணி தொட்டு தொட்டு தேய்ங்க, வர்ற சேற ஈரத்துணில தொடச்சு கவர்ல கட்டி போடுங்க.

பெயிண்ட் கணக்கு நீங்களே போடுங்க. 10க்கு 12 ரூம், சுத்தளவு 44 அடி, உயரம் 10 அடின்னா 440 சதுர அடி, கதவு ஜன்னல் போக சுமாரா 400. டப்பால ஒரு லிட்டர் எத்தன சதுர அடி வரும்னு போட்டிருக்கும், வகுத்து பாத்து வாங்குங்க, கடைல சொல்ற கணக்கு எனக்கு எப்பவும் ஒரு டப்பா அதிகமாத்தான் வந்துச்சு. ப்ரைமர் ஒரு கோட், எமல்ஷன் ரெண்டு கோட். தண்ணி டப்பால போட்ட அளவுக்கு மேல கலக்காதீங்க. சீலிங் முதல்ல, அப்புறம் செவுரு. ஓரம், ஸ்விட்ச் பாக்ஸ் சுத்தி 2 இஞ்சு பிரஷால அடிச்சுட்டு, அது காயறதுக்குள்ள 9 இஞ்சு ரோலரால நடுவுல அடிச்சு சேருங்க. ஒரு செவுத்த ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தான் டீ குடிக்க போகணும், பாதில விட்டா சேர்ற கோடு தெரியும்.

டூல்ஸ் எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க. ஒரு 13 மில்லிமீட்டர் ஹாமர் டிரில், பட்டி பிளேடு ரெண்டு சைஸ், ரெஞ்ச், டெஸ்டர், ரசமட்டம், நல்ல அலுமினிய ஏணி, இது போதும் ஒரு வருஷத்துக்கு. ஏணில மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க, புடவைலயோ நைட்டிலயோ ஏறாதீங்க, கீழ ஒரு ஆள் புடிச்சுக்கணும். டிரில் போடும்போது ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் போடாதீங்க, ஒயர் பைப்பு அந்த கோட்டுலதான் போகும்.

நான் தொடாத வேலைன்னு சிலது இருக்கு. வயரிங் லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியன்தான், ஆனா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) இருக்கான்னு பாத்து, இல்லன்னா போட சொல்லுங்க, அதுல டெஸ்ட் பட்டன மாசம் ஒருக்கா நீங்களே அமுக்கி பாக்கலாம். செவுத்த உடைச்சு ஓப்பன் கிச்சன் ஆக்குறது இன்ஜினியர் பாக்காம வேண்டாம். கூரைல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தா அறுக்காதீங்க, ஓட்டை போடாதீங்க, அந்த நாரு நுரையீரல்ல போயி பல வருஷம் கழிச்சு கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். செப்டிக் டேங்க்ல நீங்களும் எறங்காதீங்க, காசுக்கு யாரையும் எறக்காதீங்க, ஒரு நிமிஷத்துல விஷவாயு ஆள கொன்னுடும், அப்படி எறக்குறது 2013 சட்டப்படி குத்தம். லாரிய கூப்பிட்டு மேலேருந்து உறிஞ்ச சொல்லுங்க. ரொம்ப நாள் மூடிக்கிடந்த சம்புக்கும் கிணத்துக்கும் இதே பயம் வேணும்.

ஹால் செவுரு இப்ப ரெண்டு ஐப்பசி கார்த்திகை தாண்டிடுச்சு. போன மழைல ஒவ்வொரு வாரமும் அந்த பிளாஸ்டிக் கவர ஒட்டி பாத்தேன், உள்பக்கம் காஞ்சுதான் இருந்துச்சு. அக்கா இப்ப பக்கத்து தெருல ஒரு வீட்டுல சின்ன பூச்சு வேலை தனியா எடுத்து பண்றாங்க, கலவை போட நான் ஒரு ஞாயிறு கூட போனேன்.

மிச்ச பெயிண்ட்ட பெரிய டப்பாலயே விடாதீங்க, காத்து பட்டு தோல் கட்டிடும். நிரம்புற அளவுக்கு ஒரு சின்ன டப்பால மாத்தி இறுக்கி மூடி, மேல ஷேடு நம்பர், எந்த ரூம், எந்த மாசம் அடிச்சது எல்லாம் மார்க்கர்ல எழுதி வைங்க. அந்த ஷேடு நம்பர நான் பீரோ கதவு உள்பக்கமும் எழுதி வச்சிருக்கேன், அப்பா இ.பி. கார்டு நம்பர் எழுதி வச்ச எடத்துக்கு கீழ.